ஏழாம் வரிசையின் நேர்கோடு

ஏழாம் வரிசையின் கோடு நேராக இருந்தது.

உடை மாற்றும் அறையில் தலைமுடிக்கு வலை மாட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. கீரைப் பண்ணையின் பன்னிரண்டு வரிசைகளுக்கும் திரையில் பன்னிரண்டு கோடுகள் ஓடும். தொட்டித் தண்ணீரின் புளிப்பு துளி மாறினாலும் அந்தந்தக் கோடு ஏறும், இறங்கும். பதினொரு கோடுகள் வழக்கம்போல நெளிந்துகொண்டிருந்தன. ஏழு மட்டும் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல ஆறு புள்ளி பூஜ்யத்தில் கிடந்தது. நேற்றைக்குத் தள்ளிப் பார்த்தாள், நேர்கோடு. போன வாரத்துக்குத் தள்ளினாள், அதே கோடு. இருபத்திரண்டு நாள் பின்னால் போன பிறகுதான் கடைசியாக ஒரு நெளிவு வந்தது. அந்த நாள் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்குத்தான் அவள் ஏழின் கண்ணைக் கட்டினாள்.

அது அந்தப் பண்ணையின் பேச்சு. சென்சார் சும்மா சும்மா கூவி உயிரை எடுத்தால், அதைத் தொட்டியிலிருந்து உருவி, வேறு வரிசையின் நல்ல தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்றில் செருகிவிடுவார்கள். பாட்டில் தண்ணீரை அளந்துகொண்டு சென்சார் சமர்த்தாக இருக்கும், கம்ப்யூட்டரும் நம்பிக்கொண்டிருக்கும். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் எல்லோரும் செய்வதுதான். ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். அவள் செய்த நாளில் ஏழாம் தொட்டி மணிக்கு மூன்று தடவை கூவியது. கூவினால் இருபது நிமிடத்துக்குள் ஓடிவந்து நிற்க வேண்டும். அவளோ ஆறு வயது மகளுக்குப் பதினோராம் நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கும் பண்ணைக்கும் நடுவே பந்தாடப்பட்டுக்கொண்டிருந்தாள். ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவி, ஆறாம் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சென்சாரைச் செருகி, ஏழாம் தொட்டியின் விளிம்பில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு ஓடினாள். காய்ச்சல் விட்டது. பாட்டிலை மறந்தே போனாள்.

மறந்ததுகூடப் பெரிதில்லை. பாட்டில் தண்ணீர் இத்தனை நாளில் வற்றியிருக்க வேண்டும், கெட்டிருக்க வேண்டும், கோடு எங்காவது சாய்ந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு நாள் அசையாமல் நிற்க அதற்கு என்ன வந்தது?

பண்ணை என்றால் மண்ணும் வரப்பும் இல்லை. பழைய செருப்புக் கிடங்கு ஒன்றை ஜன்னலில்லாமல் அடைத்து, தரையிலிருந்து கூரைவரை ஒன்பது அடுக்காகக் குழாய்களைப் படுக்க வைத்திருந்தார்கள். குழாயின் துளைகளில் கீரை, உள்ளே ஓடும் தண்ணீரில் வேர், ஒவ்வொரு வரிசைக்கும் கீழே ஒரு தொட்டி. தண்டவாளத்தில் நகரும் கேமரா ஒவ்வொரு இலையையும் படமெடுக்கும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு உப்பு, எப்போது காற்று என்பதெல்லாம் கம்ப்யூட்டரின் முடிவு. மனிதர்களுக்கு மிச்சமிருந்தது மூன்று வேலை. கழுவுவது, வெட்டுவது, செல்போன் கூவினால் ஓடுவது.

செடிகளுக்கு இரவும் பகலும்கூட அங்கே தலைகீழ். ஊர் தூங்கும்போது விளக்குகள் எரியும், ஊர் விழித்திருக்கும்போது அணைந்திருக்கும். அவள் வேலை செய்யும் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை உள்ளே கும்மிருட்டு. அந்த நேரத்தில் வெள்ளை வெளிச்சம் பட்டால் செடிகள் கெட்டுவிடும் என்பதால் நெற்றியில் பச்சை விளக்கு மாட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். செடிக்குப் பச்சை வெளிச்சம் உறைப்பதே இல்லையாம். நம்மைப் பார்க்காது என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தபோது அவள் சிரித்திருக்கிறாள்.

மேலாளர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து திரையில் பண்ணையைப் பார்ப்பவர். திரையில் பச்சைப் புள்ளி என்றால் நலம், சிவப்பு என்றால் ஆபத்து. பேச ஆரம்பித்தாலே எல்லாம் பச்சையா என்றுதான் கேட்பார், அதனால் பச்சை சார் என்றே பெயராகிவிட்டது. அன்று காலை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. பன்னிரண்டில் ஏழுதான் முதலிடமாம், இலை மற்றதைவிட ஒன்றரை மடங்காம், ஏழாம் தொட்டியின் தண்ணீரையே மற்ற தொட்டிகளுக்கும் கலந்துவிடச் சொல்லிக் கம்ப்யூட்டர் பரிந்துரைத்திருக்கிறதாம். வாழ்த்துகள் என்று முடித்து நாலு கைதட்டல் படம் வேறு போட்டிருந்தார்.

கண்ணைக் கட்டிய வரிசை வகுப்பில் முதலாவதாக வந்து நிற்கிறது. அதைப் பார்த்து மற்றவை காப்பியடிக்கப் போகின்றன. பண்ணையின் கீரை போகிற இடங்களில் ஆஸ்பத்திரிச் சமையலறையும் ஒன்று, அவள் மகள் நாலு நாள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரி. யாருக்கும் தெரிவதற்குள் பாட்டிலை எடுத்துவிட்டுச் சென்சாரைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று பச்சை விளக்கை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் அறுவடை அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்ததைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? தினம் டப்பால இலை எடுத்துட்டுப் போறியே, அத வீட்ல யாரு சாப்பிடுறது?"

"பாப்பாதான் அக்கா. காய்ச்சலுக்கு அப்புறம் அது ஒண்ணுதான் இறங்குது."

அது உண்மை. அளவு தவறிய இலைகளை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். காய்ச்சல் விட்டும் கஞ்சியைத் துப்பிய பிள்ளை, அந்த டப்பாவிலிருந்து ஒரு இலையை எடுத்துப் பச்சையாக மென்றது. அன்றிலிருந்து டப்பா வராவிட்டால் வீடு இரண்டாகிறது. கன்னம் உப்பியிருக்கிறது, முடி மினுமினுக்கிறது, காய்ச்சல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மாதம் மூன்று வேளையும் சூடு பார்த்துக் குறித்துவையுங்கள் என்று டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட கணவர், பிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி எழுதிவருகிறார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, கணக்காக இருக்கிறாள் என் மகள் என்று நேற்றுகூடப் பெருமையடித்துக்கொண்டார்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டப்பால நான் போடுறது பூராவும் ஏழுதான். அதுதான் அளவுக்கு மீறிப் பெருசா வருது. நான் எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல."

"ஏன் அக்கா?"

"வெட்டுனா கத்திரி சூடாயிடுது."

அக்கா கத்தரிக்கோலை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. நெற்றி விளக்கின் பச்சை வட்டம் தரையில் விழுந்து அவளுக்கு முன்னால் நடந்தது, வட்டத்துக்கு வெளியே ஒன்பது அடுக்கு இருட்டு நின்றது, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தண்ணீர் அடுத்த அடுக்குக்கு இறங்கும் சலசலப்பும் மோட்டார்களின் ஒரே சீரான முனகலும் மேலே எங்கோ தண்டவாளத்தில் கேமரா தன்பாட்டுக்கு ஊர்ந்து போகும் கரகரப்பும் அவள் காதுக்குப் பழகிப்போன சத்தங்கள்தான் என்றாலும் அன்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஈரமும் இளந்தழையும் கலந்த சுத்தமான வாசனை. ஐந்தாம் வரிசையைத் தாண்டும்போது அது மாறியது. காலையில் பல் துலக்காத ஒருவர் முகத்துக்கு நேரே வந்து கொட்டாவி விட்டால் வருமே, அந்த வாடை. வெதுவெதுப்பாக வந்தது. நின்றது. திரும்ப வந்தது.

ஏழாம் வரிசையில் தண்ணீர் சலசலக்கவில்லை. குழாய்க்குள்ளிருந்து மடக், மடக் என்று ஒரு சத்தம். யாரோ அவசரமில்லாமல் விழுங்கிக்கொண்டிருப்பது போல.

இலைகள் உள்ளங்கை இரண்டைச் சேர்த்து விரித்த அகலத்துக்கு வளர்ந்து வழியில் தொங்கின. நேற்று அறுத்த அடித்தண்டுகளில் வெள்ளையாகப் பால் கசிந்து, காய்ந்து, ஓரத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு இலை அவள் புறங்கையில் பட்டது. அடிப்பக்கம் பூனைமுடி போலப் பொடிப்பொடியாக ரோமம், ரோமமெல்லாம் பிசுபிசுப்பு. கையை இழுத்தாள், இலை உடனே விடவில்லை. தோலில் மெல்ல ஒட்டி, நீண்டு, பிறகுதான் பிரிந்தது. அவள் கையை மேலங்கியில் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். இதைத்தான் தன் பிள்ளை தினம் மூன்று வேளையும் மென்று விழுங்கியது என்று நினைத்தபோது வாயெல்லாம் எச்சில் ஊறிக் குமட்டியது.

தொட்டியின் மூடி லேசாகத் திறக்கும், அவளே நூறு தடவை திறந்திருக்கிறாள். இன்று உள்ளிருந்து பிடித்துக்கொண்டது. முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் தூக்கினாள். மூடியின் அடியிலிருந்து கெட்டியான கோழை நூல் நூலாக நீண்டு தொங்கியது.

தொட்டியில் தண்ணீர் இல்லை.

நல்ல தொட்டியில் வேர்கள் வெள்ளை நூல்போலத் தெளிந்த நீரில் ஆடும். இதில் வேர் என்று சொல்ல எதுவும் தனியாக இல்லை. விளிம்புவரை வெளிர்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, ஒன்றின்மேல் ஒன்று படுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. மடிப்புகளுக்கு நடுவே நுரைத்த எச்சில். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு விரலால் தொட்டாள். கையுறைக்கு மேலேயே சூடு தெரிந்தது. செல்போனைப் பார்த்தாள். தண்ணீரின் வெப்பம் இருபது டிகிரி என்றது. பச்சைப் புள்ளி.

பாட்டில் அவள் கட்டிய இடத்திலேயே இருந்தது. ரப்பர் பேண்டும் அதேதான்.

பாட்டிலுக்குள்ளும் தண்ணீர் இல்லை. தொட்டியிலிருந்து ஒரு பிரி ஏறி, வாய் வழியாக நுழைந்து, ஜாம் பாட்டிலை அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் சென்சார். அதன் கண்ணாடி முனையை அந்தச் சதை சுற்றிப் பிடித்திருந்தது. பால்குடிக் குழந்தை காம்பைப் பிடிக்கிற பிடி. உறிஞ்சவும் செய்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை உறிஞ்சியது.

திரையில் ஆறு புள்ளி பூஜ்யம்.

சென்சாரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ச்சப் என்று பிரிந்தது. எச்சில் தெறித்து அவள் உதட்டில் பட்டது. உப்பு. சூடு. துப்பினாள். துப்பிக்கொண்டே இருந்தாள்.

கையில் செல்போன் கூவியது. மூன்று புள்ளி ஒன்று. சிவப்பு. கோடு செங்குத்தாக விழுந்தது.

பாட்டிலிலிருந்து அது வெளியே வந்தது. மெல்ல. விளிம்பைத் தடவியது. காற்றில் தேடியது. அவள் கையைத் தேடவில்லை. சென்சாரைத் தேடியது.

கண்டுபிடித்தது. முனையைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு. இறுக்கியது.

கூவல் நின்றது. ஆறு புள்ளி பூஜ்யம். பச்சை.

எந்த எண்ணைக் காட்டினால் மனிதர்கள் கிட்டே வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

சுவரில் இருந்த மோட்டார் ஸ்விட்ச்சை அடித்து அணைத்துவிட்டு ஓடினாள். முனகல் நின்றது, பின்னால் மடக் மடக் மட்டும் நிற்கவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து பச்சை சாரைக் கூப்பிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று பாட்டில் கதையை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாள். கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஏழோட தண்ணிய மத்த தொட்டிக்கு விடாதீங்க சார். தயவுசெஞ்சு."

"விட்டு ஒம்போது நாள் ஆச்சேம்மா," என்றார் அவர். "கம்ப்யூட்டரே விட்டுருச்சு. நான் இன்னிக்குத்தான் பாத்தேன். மோட்டாரு எல்லாம் ஓடுதே, நீ எத அணைச்ச?"

அவள் திரையைப் பார்த்தாள். அணைத்த மோட்டார் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பதினொரு கோடுகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மூன்றாம் கோடு நெளிவதை நிறுத்தியது. பிறகு பத்து. பிறகு ஒன்று, நாலு, எட்டு. மடித்த துணியைக் கையால் நீவிவிடுவது போல ஒவ்வொன்றாகச் சமமாகிக்கொண்டே வந்தன.

"பாத்தியா, இப்பதாம்மா எல்லாம் ஒரே சீரா வருது," என்று சந்தோஷப்பட்டார் பச்சை சார்.

அறுவடை அக்காவின் ஸ்டூல் காலியாக இருந்தது. கத்தரிக்கோல் அதன்மேல் இருந்தது, அவருடைய பையைக் காணோம். அவளும் நெற்றி விளக்கைக் கழற்ற மறந்து, அப்படியே பஸ் ஏறினாள். வழியெல்லாம் உள்ளங்கையால் உதட்டைத் துடைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. கணவர் இரவு முழுக்க பஸ் ஓட்டுபவர், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டியே என்று குரல் கொடுத்தார். ஜன்னல் திரைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. பாப்பாதான் மூடச் சொன்னாளாம், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம், விடிந்ததிலிருந்து நன்றாகத் தூங்கினாளாம்.

அவள் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். தினமும் பார்த்த தாள்தான். காலை தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மதியம் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மாலையும் அதே. ஓடி விளையாடி வந்த நாளும் அதே, தலைக்குக் குளித்த நாளும் அதே. பதினெட்டு நாள், ஐம்பத்துநாலு எண்கள், மேலிருந்து கீழாக ஒரே எண். ஒரு புள்ளி ஏறவில்லை, ஒரு புள்ளி இறங்கவில்லை.

நேர்கோடு.

மகள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. மெல்லும் சத்தம் தெரிந்தது. அந்த வாடையும் தெரிந்தது. பிள்ளை தூங்கி எழுந்த வாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். டப்பாவைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் வீசினாள். வழக்கமாக அழுது புரள்கிறவள் அன்று அழவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து வந்து மகளின் வாயில் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு தங்கம். அம்மாவுக்காக."

ஐஸ் கரையும்வரை காத்திருந்தாள். கன்னத்தைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது. இப்போது எந்த வாயானாலும் குறைந்துதான் காட்ட வேண்டும். எழுபது காட்டட்டும், எண்பது காட்டட்டும், குறைந்தால் போதும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தாள்.

பீப்.

தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

நெற்றியில் விளக்கு இன்னும் இருந்தது. கை தானாகப் போய் அதைப் போட்டது. பச்சை வட்டம் மகளின் முகத்தில் விழுந்தது. வெளிச்சம் கூசுகிறவள் கண்ணைச் சிமிட்டவில்லை. வெளிச்சமே படாததுபோல இருந்தாள்.

"ஆ காட்டு."

காட்டினாள்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினாள். வெளிர்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, ஈரமாக. மடிப்புகளுக்கு நடுவிலிருந்து நூல் நூலாக வெள்ளை வேர்கள். தெர்மாமீட்டரின் முனையை அவை சுற்றிப் பிடித்திருந்தன.

இழுத்தாள். ச்சப்.

எண் சரிந்தது. எழுபத்தொன்று. தெர்மாமீட்டர் கிறீச்சிட்டது. மகளின் உதட்டைத் தாண்டி வேர்கள் வெளியே வந்தன. மெல்ல. காற்றில் தேடின.

"என்ன சத்தம்?" சமையலறையில் குழாய் நின்றது. "எவ்வளவு காட்டுது? எழுதிடுறேன்."

கண்டுபிடித்தன. ஒரு சுற்று. இரண்டு. அவள் விரலையும் சேர்த்து இறுக்கின. கிறீச்சு நின்றது. மகள் வாய் திறந்தபடியே அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தொண்டைக்குள் மடக், மடக் என்று கேட்டது.

பதில் வரவில்லை என்றதும் கணவர் பிரிட்ஜ் கதவுக்குப் போய்ப் பேனாவைத் திறந்து, வழக்கமான எண்ணை எழுதிக்கொண்டார்.